மேசைமேல் எவ்வளவு வைக்கலாம்?

உமையாள் என்று எனக்கு ஒரு பெயர் இருக்க, கடைசிவரை "இங்க பாரு" என்றே கூப்பிட்டுவிட்டுப் போன என் பிரியமானவருக்கு,

இங்கே பார்க்கச் சொல்ல ஆள் இல்லாமலே ஐப்பசி வந்துவிட்டது. மழை நன்றாகப் பெய்கிறது. அதனால் கடையில் வியாபாரம் மந்தம். மழைக்காலத்தில் யார் வீட்டுக்குப் பெயிண்ட் அடிப்பார்கள்? இருந்தாலும் காலையில் போய்த் திறந்து உட்கார்ந்துவிடுகிறேன். கலர் கலக்கும் மெஷின் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. போன வாரம் ஒருவருக்கு யானைத்தந்த நிறம் கலக்கித் தரப் போக, அது சந்தன நிறத்தில் வந்து நின்றது. அவரும் நல்ல மனிதர், இதுவும் நன்றாகத்தான் இருக்கிறது என்று வாங்கிக்கொண்டு போனார்.

வருகிற தையில் நீங்கள் போய் ஒரு வருஷம். அழுது முடித்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் இந்தக் கடிதம் அழுவதற்கு இல்லை, ஒரு கேள்வி கேட்பதற்கு. உங்களிடமிருந்து பதில் வராது என்று தெரியும். இருந்த காலத்தில் மட்டும் என்ன, நான் கேட்டதில் பாதிக்குத் தலையை ஆட்டினீர்கள், மீதிக்கு அதுவும் இல்லை. அதனால் பழக்கம்தான்.

கேள்வி இதுதான். நம் பிள்ளை வைரவன் சீட்டு மேசையில் வைத்து விளையாடப் பணம் கேட்கிறான். எவ்வளவு கொடுப்பது?

ஒன்றும் கொடுக்காதே என்று நீங்கள் சொல்லிவிடுவீர்கள் என்று நினைத்தால் எனக்கு வேலை சுலபம். ஆனால் அப்படிச் சொல்ல உங்களுக்கு வாய் ஏது? ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆனால் கடைக்கு மேலே இருக்கிற அறையில் சீட்டுக் கட்டோடு உட்கார்ந்தவர் நீங்கள். முதலில் ரம்மி. பிறகு இந்தப் பிள்ளை காலேஜ் லீவுக்கு வந்தபோது, "அப்பச்சி, இது கிழவங்க ஆட்டம்" என்று பெற்ற அப்பனையே கேலி செய்து, உங்களுக்கும் உங்கள் கூட்டாளிகள் மூவருக்கும் போக்கர் சொல்லிக்கொடுத்தான். ஆளுக்கு இரண்டு சீட்டு கையில், ஐந்து சீட்டு எல்லோருக்கும் பொதுவாக நடுவில். நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் அவன் உங்களைப் பழக்கினான். கருவேப்பிலை ஆய்ந்துகொண்டே நானும் கற்றுக்கொண்டேன். உங்களை விடச் சீக்கிரம் கற்றுக்கொண்டேன் என்பதை இப்போதாவது ஒத்துக்கொள்ளுங்கள்.

நேமத்தான்பட்டி வீட்டில் நம் பங்குக்கு வந்த பணம் வங்கியில் என் பேரில் இருக்கிறது. அந்தப் பூர்வீக வீட்டை ஓட்டல் நடத்துகிற ஒருவருக்கு விற்பதென்று நீங்கள் இருக்கும்போதே பங்காளிகள் எல்லோரும் பேசி முடித்ததுதான். "இது வைரவனை வேறு வைக்கிறப்பக் குடுக்கிற பணம், தொட்டுறாத" என்று சொன்னீர்கள். தொடவில்லை.

இதைப் பத்திரிகையில் படிக்கும் வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். எங்கள் வீடுகளில் பிள்ளைக்குக் கல்யாணம் ஆனதும், புதுப் பொண்டாட்டியோடு அவனுக்குத் தனி அடுப்பு வைத்துக் கொடுத்துவிடுவார்கள். ஒரே வீட்டுக்குள்தான், ஆனால் உலை வேறு. ஒரு வருஷத்துக்கான அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் அளந்து கொடுத்து, கையில் ஒரு தொகையும் கொடுப்பார்கள். அதற்குமேல் கேட்கவும் கூடாது, அதற்குக் கணக்கு சொல்லவும் வேண்டாம். வேறு வைப்பது என்று அதற்குப் பேர். எங்களை வேறு வைத்தபோது வந்தவர் போனவருக்கெல்லாம் நான் ஆக்கிப் போட்டதில் வருஷம் முடியும் முன்பே அரிசி தீர்ந்துபோனது. பங்குனியில் எந்த ஊரில் யார் வீட்டுக் கல்யாணம் என்று விசாரித்து விசாரித்துப் போய் நாங்கள் இரண்டு பேரும் சாப்பிட்டு வந்தோம். ஞாபகம் இருக்கிறதா? தேவகோட்டையில் ஒரு வீட்டில் நாம் பெண் வீட்டாரா மாப்பிள்ளை வீட்டாரா என்று கேட்டபோது நீங்கள் ஒன்று சொல்ல, நான் வேறொன்று சொன்னேன்.

வைரவன் பெங்களூர் வேலையை விட்டது உங்களுக்குத் தெரியாது. நீங்கள் போன பிறகு விட்டான். கம்ப்யூட்டரில் போக்கர் ஆடியே சம்பளத்துக்குமேல் சம்பாதிக்கிறேன் என்றான். பொய்யில்லை, எனக்கு மாதாமாதம் அனுப்பவும் செய்தான். பிறகு கம்ப்யூட்டரில் பணம் வைத்து ஆடக்கூடாது என்று சட்டம் வந்தது. சரி, இனி வேலைக்குத் திரும்புவான் என்று முருகனுக்கு நேர்ந்துகொண்டேன். அவன் கோவாவுக்குப் போகிறேன் என்றான். அங்கே ஆற்றில் நிற்கிற கப்பலில் மேசை போட்டு ஆடுகிறார்களாம், அதற்குத் தடை இல்லையாம்.

அவன் ஊதாரியாக இருந்தால் எனக்கு இவ்வளவு கஷ்டம் இல்லை. குடிப்பதில்லை. சட்டை இரண்டு கிழிந்தால்தான் மூன்றாவது வாங்குகிறான். ஆட்டோக்காரரிடம் பேரம் பேசிப் பேசி, கடைசியில் நடந்தே வந்துவிடுகிற பிள்ளை. அப்படிப்பட்டவன் கடையில் வந்து என் எதிரே உட்கார்ந்து, அந்தப் பணம் முழுவதையும் கேட்கிறான்.

"கல்யாணம் ஆனாக் குடுக்கத்தானே போற ஆத்தா. அத இப்பக் குடு."

"கல்யாணத்துக்குப் பொண்ணு எங்க இருக்கு?"

"பொண்ணு வீட்டுல மாப்பிள்ளைக்கு என்ன வேலைன்னு கேப்பாகள்ல. அதுக்குத்தான் கேக்குறேன்."

"முழுசா எதுக்குய்யா? கொஞ்சமா வச்சு ஆடேன், அப்பச்சி மாதிரி."

அதற்கு அவன் சொன்ன பதில்தான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. "கொறச்சு வச்சுக்கிட்டு உக்காந்தா, நல்ல சீட்டு வாரப்பவும் கொஞ்சம்தான் ஜெயிக்கலாம். எதிராளிகிட்டக் காசு மலையா இருந்தாலும், நம்ம முன்னாடி இருக்கிற அளவுக்குத்தான் அவன் தரணும். அப்பச்சி கடைசிவரைக்கும் மத்தவுக வைக்கிறதுல பாதியோடதான் உக்காந்தாரு. அதான் அவருக்குக் கடைசிவரைக்கும் ஒண்ணும் வரல."

அவன் சீட்டாட்டத்தைத்தான் சொன்னான். எனக்கு உங்கள் ஆயுசு முழுவதையும் சொன்னதுபோல இருந்தது. ஒரு கடை, ஒரு வீடு, ஒரு பழைய ஸ்கூட்டர். ஒன்றும் வரவில்லை என்று ஒரு பிள்ளை சொல்லலாமா? இல்லையென்று அவனிடம் வாதாடலாம் என்றால், மேலே அந்த அறையில் நீங்கள் என்னதான் செய்தீர்கள் என்று எனக்கே தெரியாதே. பத்து நாள் பொறுத்துக்கொள் என்று அவனிடம் சொன்னேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாடிப்படி ஏறிப் போனேன். உங்கள் கூட்டாளிகள் மூவரும் இருந்தார்கள். வக்கீல் நாராயணன் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். மருந்துக்கடைக்காரர் சீட்டைக் கவிழ்த்து வைத்தார், என்னமோ போலீஸ் வந்ததுபோல. திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து டிராக்டரை விட்டுவிட்டு வாராவாரம் ஓடி வருகிறாரே பாண்டி, அவர்தான் உங்கள் நாற்காலியை இழுத்துப் போட்டார். அது காலியாகத்தான் கிடந்தது.

"வாங்க ஆச்சி. இந்த ரூமுக்கு வாடகை கேக்க வந்தீகளா?" என்றார்.

"ஆட வந்தேன்" என்றேன்.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாண்டி பிளாஸ்டிக் காயின் டப்பாவைத் திறந்தார். "அப்ப எங்க அளவுக்குப் பணத்தக் குடுத்துக் காயின் மாத்துங்க ஆச்சி. அண்ணே மாதிரி பாதியோட உக்காந்து எங்கள வதைக்காதீக."

"அவுக எவ்வளவு மாத்துவாகளோ அவ்வளவு போதும்" என்றேன்.

கொஞ்ச நேரம் நல்ல சீட்டு ஒன்றும் வரவில்லை. வந்த சீட்டையெல்லாம் மடித்துப் போட்டேன். பொறுமை எனக்கா இல்லை? உங்களோடு குடும்பம் நடத்தியவள். பிறகு கையில் இரண்டு ராஜா வந்தது. என் முன்னால் இருந்த அத்தனை காயினையும் நடுவில் தள்ளினேன். வக்கீல் நான் பயமுறுத்துகிறேன் என்று நினைத்து எதிர்த்து வைத்தார். நடுவில் திறந்த ஐந்து சீட்டிலும் அவருக்கு ஒன்றும் அமையவில்லை. என் காயின் இரட்டிப்பானது.

உடனே நான் ஒரு காரியம் செய்தேன். நம் வீட்டுப் பெண்கள் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். கொண்டுவந்த முதலைத் தனியாக எண்ணிப் பிரித்து, "இந்தாங்க, இதுக்குப் பணத்தக் குடுத்துருங்க" என்று பாண்டி பக்கம் தள்ளிவிட்டு, கைப்பையைத் திறந்து வைத்துக்கொண்டேன். முதலை எடுத்துப் பத்திரம் செய்துவிட்டு, வந்த லாபத்தில் ஆடலாம் என்பது என் எண்ணம்.

பாண்டி காயினைத் தொடவே இல்லை.

"அது ஆகாது ஆச்சி" என்றார் வக்கீல். "மேசைக்கு வந்தது மேசையிலதான் இருக்கணும்."

"லாபத்தத் தொடலையே. என் முதலத்தான கேக்குறேன்?"

"முதல், லாபம்னெல்லாம் இங்க கெடையாது. எந்திரிச்சீகன்னா மொத்தத்தையும் எடுத்துக்கிட்டுப் போகலாம். உக்காந்திருக்கிறவரைக்கும் எல்லாமே ஆட்டத்துலதான் இருக்கும்."

எனக்குக் கோபம்தான் வந்தது. இது என்ன தொழில்? நாலு தலைமுறையாக வட்டிக்கு விட்டு வாங்கின வம்சத்தில், போட்ட முதலைத் திருப்பி எடுக்க முடியாத ஒரு தொழிலில் ஒருத்தர் கால் வைப்பாரா? என் பணத்தை என் பையில் வைக்க இன்னொருத்தர் உத்தரவா? "அப்ப எந்திரிக்கிறேன்" என்று சொல்லி எழுந்துவிட்டேன்.

பாண்டி சிரித்தார். "அப்படியே அண்ணேதான். ரெட்டிப்பாச்சுன்னா எந்திரிச்சிருவாரு. மொத்தமும் போனாலும் எந்திரிச்சிருவாரு, மறுபடி மாத்த மாட்டாரு. என்னண்ணே அவசரம், இன்னம் நாலு ஆட்டம் போடலாம்ல அப்படின்னா, வீட்டுல காப்பி ஆறிப்போகும்பாரு."

இப்போது சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் சீக்கிரம் வருவதைப் பார்த்து, நமக்காகத்தான் ஆட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு வருகிறார் என்று டிகாஷனை இறக்கி வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேனே. வந்தது எனக்காகவா, முதலுக்காகவா? இரண்டுக்கும் என்று சொல்லித் தப்பித்துவிடுவீர்கள். தெரியும்.

ஆனாலும் அன்றைக்கு எனக்கு ஒரு வெளிச்சம் கிடைத்த மாதிரி இருந்தது. நீங்கள் பாதியோடு உட்கார்ந்தது பயந்து இல்லை. எவ்வளவோடு உட்கார்ந்தால் உங்களால் எழுந்திருக்க முடியுமோ அவ்வளவோடு உட்கார்ந்திருக்கிறீர்கள். வைரவனுக்கும் அதே அளவைச் சொல்லிவிடலாம், கொஞ்சமாகக் கொடுத்து அனுப்பிவிடலாம் என்று தைரியம் வந்தது. அந்த வாரம் முழுவதும் நன்றாகச் சாப்பிட்டேன். விஷயம் இதோடு முடிந்திருந்தால் நான் உங்களுக்கு எழுதியிருக்கவே மாட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் மேலே போனேன்.

போகவேண்டிய வேலை ஒன்றும் இல்லை. தெரிந்துகொள்ளவேண்டியதைத் தெரிந்துகொண்டாயிற்று. வைரவன் சொல்வதுபோல முழுசாக வைத்தால் எப்படி இருக்கும் என்று பார்த்தால்தானே அவனுக்குச் சரியாகச் சொல்லலாம் என்று எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். பாண்டி அளவுக்கு மாற்றினேன். முன்னால் காயின் அடுக்கு உயரமாக இருந்தபோது, எனக்கு முதுகு நிமிர்ந்து உட்காரத் தோன்றியது உண்மை.

எனக்கு மூன்று ஏழு சேர்ந்தது. பெரிய சீட்டு. பாண்டி வைக்க வைக்க நானும் வைத்தேன். கடைசியில் அவர் திறந்தபோது அவருக்கு ஐந்தும் ஸ்பேடு, மூன்று ஏழுக்கும் மேலான சீட்டு. என் முன்னால் இருந்தது அத்தனையும் ஒரே ஆட்டத்தில் போனது.

சரி, போயிற்று. நீங்களாக இருந்தால் எழுந்திருப்பீர்கள். நானும் எழுந்திருக்கத்தான் நினைத்தேன். ஆனால் அடுத்த ஆட்டத்துக்குச் சீட்டைக் கலைக்கிறார்கள், என் கை பைக்குள் போகிறது. உள்ளே சனிக்கிழமை வசூல் இருந்தது, திங்கட்கிழமை வங்கியில் கட்டவேண்டிய கடைப்பணம். அதை எடுத்து நீட்டினேன்.

"ஆச்சி, இன்னைக்குப் போதுமே" என்றார் வக்கீல்.

"ஏன், நீங்க மாத்தலையா? பொம்பளைன்னா மட்டும் போதுமாக்கும்" என்றேன். பாவம், அவரே காயினை எண்ணித் தந்தார். அதுவும் போனது. நல்ல சீட்டு வந்து போகவில்லை, விட்டதைப் பிடிக்கிற அவசரத்தில் கண்டதற்கும் வைத்துப் போனது. பைக்குள் இன்னும் இருந்திருந்தால் இன்னும் எடுத்திருப்பேன். மருந்துக்கடைக்காரர் பேத்திக்குப் பிறந்தநாள் என்று சொல்லி எழுந்ததால்தான் ஆட்டம் கலைந்தது.

போன பணம் பெரிசில்லை. கடையில் இரண்டு மாதம் இறுக்கிப் பிடித்தால் ஈடு கட்டிவிடலாம். ஆனால் படி இறங்கும்போது ஒன்று தோன்றியது, அதைத்தான் யாரிடமும் சொல்ல முடியவில்லை. அந்த மேசையில் உட்கார்ந்திருந்த நேரம் முழுவதும் நீங்கள் இல்லை என்பது எனக்கு ஞாபகமே வரவில்லை. போன தையிலிருந்து அப்படி ஒரு பொழுது எனக்கு வாய்த்ததே இல்லை. தூக்கத்தில்கூட நீங்கள் இல்லை என்று தெரிந்துகொண்டேதான் தூங்குகிறேன். இரண்டாவது தடவை என் கை பைக்குள் போனது பணத்துக்காகவா, இந்த மறதிக்காகவா?

வைரவன் வேலையை விட்டதும் நீங்கள் போன பிறகுதான். அதையும் அன்றைக்குத்தான் யோசித்தேன். அவன் உங்களுக்காக என் எதிரில் ஒரு தடவைகூட அழவில்லை. அங்கே பெங்களூரில் தனி அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அவன் எதை மறந்துகொண்டிருந்தான்? நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்வானா என்றும் தெரியவில்லை.

சொன்னபடி பத்து நாள் கழித்து அவன் கடைக்கு வந்தான், பயணப் பையையும் கட்டி எடுத்துக்கொண்டு வந்தான். நடந்ததை அவனிடம் மறைக்காமல் சொன்னேன். சிரிப்பான் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. வாத்தியார் மாதிரி ஆரம்பித்தான்.

"மூணு ஏழுக்கு வச்சது தப்பில்ல ஆத்தா, நானும் வச்சிருப்பேன். ரெண்டாவது மாத்துனதுதான் தப்பு. அது கடைப்பணம். ஆட்டத்துக்குன்னு தனியா ஒதுக்கினதுலதான் மாத்தணும். அதுலயும் ஒரு சின்னப் பங்குதான் மேசைக்கு வரணும், மீதி வெளியில இருக்கணும். அதுக்குத்தான் நான் முழுசாக் கேக்குறேன். அம்புட்டையும் மேசையில வைக்கிறதுக்கு இல்ல."

"சரிய்யா. மேசைக்கு வந்தது போயிருச்சு?"

"வெளியில இருந்து இன்னொரு பங்கு எடுப்பேன்."

"அதுவும் போயிருச்சு?"

"இன்னொண்ணு."

"வெளியில இருக்கிறதும் தீந்துருச்சுன்னா?"

கல்லாப்பெட்டி மேல் கிடந்த கலர் அட்டையை எடுத்துப் புரட்டினான். நீலப் பக்கம் முழுவதும் புரட்டினான். "தீராது ஆத்தா" என்றான். ஆனால் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் வேறு யாரிடமாவது வட்டிக்கு வாங்கிக்கொண்டு போவான் என்ற பயம். முழுசாகக் கொடுக்கவும் மனசு வரவில்லை. அதனால் பாதி என்றேன். "வேறு வைக்கிற பணத்துல பாதி தாரேன். பாதி இங்க இருக்கும். இதுக்கு உங்கிட்டக் கணக்குக் கேக்க மாட்டேன்" என்றேன்.

"சரி ஆத்தா" என்றான்.

அவ்வளவுதான். ஒரு வார்த்தை பேரம் பேசவில்லை. அன்று மத்தியானமே வங்கிக்குப் போய் மாற்றிக் கொடுத்தேன். காலில் விழுந்து கும்பிட்டான், திருநீறு பூசிவிட்டேன். பஸ்ஸில் திருச்சிக்குப் போய், அங்கிருந்து பெங்களூர் வழியாகக் கோவா போய்ச் சேர்ந்துவிட்டான். சேர்ந்ததும் போன் செய்தான். சாப்பாட்டில் மீன் வாடை, மற்றபடி சௌக்கியம் என்றான்.

அவனை பஸ் ஏற்றிவிட்டுக் கடைக்குத் திரும்பி வந்து, யாருக்கோ டிஸ்டெம்பர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. தக்காளிக்குப் பேரம் பேசுகிற பிள்ளை இதற்கு ஏன் பேசவில்லை? முழுசாக வேண்டும், குறைத்து வைத்தால் ஒன்றும் வராது என்று அடித்துப் பேசியவன், பாதி என்றதும் ஏன் சரி என்றான்?

மீதிப் பாதி எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். அவன் கணக்கில் மேசைக்கு வெளியே இருக்கிற பங்கு நான்தான். தீராது என்று அட்டையைப் பார்த்துக்கொண்டு சொன்னானே, என்னை நினைத்துத்தான் சொல்லியிருக்கிறான்.

அவனைக் கெட்ட எண்ணக்காரன் என்று நான் சொல்லவில்லை. அவனுக்கே அது முழுசாகத் தெரிந்திருக்காது. என் பைக்குள் கடைப்பணம் இருப்பது தெரிந்துதான் நான் அன்றைக்கு மூன்று ஏழுக்கு அவ்வளவு தைரியமாக வைத்தேன். வைக்கும்போது அதை நினைத்தேனா? நினைக்கவில்லை. ஆனால் அது பைக்குள் இருந்தது.

இத்தனை நாளும் எவ்வளவு கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது என்று தவித்தேனே, தவிக்கவேண்டிய இடம் அதுவே இல்லை. நீங்கள் பாதியோடு உட்கார்ந்தீர்களா முழுசோடு உட்கார்ந்தீர்களா என்பதும் இல்லை. நீங்கள் இரண்டாவது தடவை மாற்றவே இல்லை. அதை எப்படிச் செய்தீர்கள்? கை துடிக்கவில்லையா? காப்பி ஆறிப்போகும் என்று சிரித்துக்கொண்டே எழுந்தீர்களே, உள்ளுக்குள் என்ன ஓடியது? ஒருநாளாவது என்னிடம் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் பிள்ளையிடம் சொல்ல எனக்கு ஒரு வார்த்தை இருந்திருக்கும்.

இந்தக் கடிதத்தை உங்கள் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். பத்திரிகைக்கு அனுப்புவதற்குக் காரணம் இருக்கிறது. உங்களிடம் மட்டும் ஒன்றைச் சொன்னால் அதை நான் மாற்றிக்கொள்வேன். நீங்கள் எப்போதும் எனக்கு விட்டுக்கொடுத்தே பழகியவர், இப்போதும் சும்மா இருந்துவிடுவீர்கள். நாலு பேர் படித்த பிறகு மாற்ற எனக்குக் கூச்சமாக இருக்கும். வக்கீல் படிப்பார். பாண்டிக்கு யாராவது படித்துச் சொல்வார்கள், அவருக்குக் கண்ணாடி மாற்ற நேரமில்லை. வைரவனும் படிப்பான்.

அவன் போன் வரும். அடுத்த வாரமோ, மாசியிலோ, எப்போதோ ஒருநாள் வரும். "ஆத்தா, ஒண்ணுமில்ல, சும்மாதான்" என்று ஆரம்பிப்பான். அந்தக் குரலை எனக்குத் தெரியும். மூன்றாம் வகுப்பில் சிலேட்டை உடைத்துவிட்டு வந்து நின்றபோது கேட்ட குரல். அதற்கு நான் இதுவரை இல்லை என்று சொன்னதே இல்லை.

இந்தத் தடவை சொல்வேன். உங்களுக்குச் சத்தியம் செய்து தருகிறேன். சொல்லிவிட்டுப் போனை வைக்கமாட்டேன். அவன் கோபித்தாலும் அழுதாலும் எவ்வளவு நேரம் ஆனாலும் கேட்டுக்கொண்டிருப்பேன். பேசி ஓய்ந்த பிறகு, கோவாவிலிருந்து காரைக்குடி வர என்ன ஆகும் என்று கேட்பேன். அந்த டிக்கெட் ஒன்றுதான் இனி என் கையிலிருந்து அவனுக்குப் போகும். அதையும் காசாக அனுப்பமாட்டேன், நானே எடுத்து அனுப்புவேன்.

இப்படிக்கு,
உங்கள் வைரவனின் ஆத்தாள்,
உமையாள்